எட்டுப் புள்ளி சொன்ன கரும்புக் கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்றைய எபிசோடை காட்பாடியில் இருந்து ஆரம்பிக்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்ல இறங்கி வெளியே வந்ததும் முதல் வேலையா கரும்பு ஜூஸ் கடையைத் தேடுற ஆளா நீங்க? நான் அப்படித்தான். வேலூர் வெயிலுக்கு அதுதான் மருந்து. கரும்பை மடக்கி மடக்கி மெஷினுக்குள் விடுவார், நடுவில் ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் இஞ்சியும் சேர்த்து. கையில் கிளாஸ் வந்ததும் ஒரே மூச்சில் காலி.

வேலூர், ஆம்பூர் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குத் தோல் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். அப்புறம் பிரியாணி. ஆனால் இது கரும்பு ஊரும்கூட. காட்பாடி பக்கத்தில் திருவலம் போகிற வழியில் அம்முண்டியில் வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போன அனுபவம் இந்தப் பக்கம் பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் இருக்கும்.

நீங்கள் குடித்த அந்த ஜூஸ், அந்த டிராக்டரில் போகிற கரும்பு, ரெண்டுக்கும் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு புதிர் இருக்கு. "இந்தக் கரும்பின் செல்லுக்குள் என்னதான் இருக்கு?" அப்படிங்கிற புதிர். அதை அவிழ்க்க உதவினது மைக்ரோஸ்கோப்பில் மின்னிய எட்டுப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் கதைதான் இன்னைக்கு.

பேய்க்கரும்பு இனித்த கதை

பட்டினத்தார் கதை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிகிறார். அது எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கேதான் தனக்கு முக்தி என்று நம்புகிறார். கடைசியில் திருவொற்றியூரில் இனித்தது என்பது கதை.

பேய்க்கரும்பு என்பது நிஜமான ஒரு செடி. ஆற்றங்கரை மணல் திட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் உயரமான புல். அறிவியல் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம். தண்டு மெலிசு, நார் அதிகம், இனிப்பு ரொம்பக் குறைவு. ஆனால் செம கெட்டி. வறட்சி வந்தாலும் தாங்கும், வெட்டிப் போட்டாலும் திரும்ப முளைக்கும், பல நோய்களையும் சமாளிக்கும்.

இன்னொரு பக்கம் நாம் கடித்து உறிஞ்சுகிற தடித்த, மெதுவான, தித்திப்பான கரும்பு. அதன் பெயர் சக்காரம் அஃபிசினாரம். நியூகினி தீவில் மனிதர்கள் வளர்க்க ஆரம்பித்து, உலகம் முழுக்கப் பரவிய இனம். இனிப்பு ஏராளம். ஆனால் செல்லப் பிள்ளை மாதிரி. வறட்சி, குளிர், நோய் எதையும் லேசில் தாங்காது.

இந்த ரெண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்படுகிறது. ஏன் கோயம்புத்தூர்? கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும். பூத்தால்தானே மகரந்தம், மகரந்தம் இருந்தால்தானே கலப்பு! அங்கே சி.ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரும், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற நம்ம ஊர் விஞ்ஞானியும் ஒரு வேலை செய்தார்கள். 'வெள்ளை' என்ற தித்திப்பான கரும்போடு, கோயம்புத்தூர் பக்கம் வளர்ந்த பேய்க்கரும்பைக் கலந்தார்கள். அதில் பிறந்த ரகம் 1918-இல் வெளிவந்தது. பெயர் கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர். வட இந்தியாவின் மெலிந்த நாட்டுக் கரும்புகளுக்குப் பதிலாக பஞ்சாப் வரைக்கும் போய் நின்றது அந்தச் செடி.

பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரில் இனித்த பேய்க்கரும்பு, விவசாயிக்குக் கோயம்புத்தூரில் இனித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணினார்கள், ஆனால் கணக்கு புரியலை

இப்போ செல்லுக்குள் போவோம். ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் குரோமோசோம்கள் இருக்கு, டி.என்.ஏ-வை இறுக்கிச் சுற்றிவைத்த சின்னச் சின்னக் கட்டுகள். நமக்கு 46. வெங்காயத்துக்கு 16. தித்திப்புக் கரும்புக்கு 80. கோயம்புத்தூர் பேய்க்கரும்புக்கு 64.

நமக்கு அம்மாவிடமிருந்து ஒரு செட், அப்பாவிடமிருந்து ஒரு செட், மொத்தம் ரெண்டு. ஆனால் பல செடிகளில் செட்டுகள் நாலு, ஆறு, எட்டு என்று குவிந்திருக்கும். அதாவது ஒரே குரோமோசோமுக்கு எட்டுப் பிரதி. கரும்பு அந்த ஜாதி.

இன்னொரு வேடிக்கை. சாதாரணமாக அம்மா தன்னிடம் இருப்பதில் பாதியைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கும். கரும்பு அம்மா அப்படி இல்லை. தித்திப்புக் கரும்பைத் தாயாகவும் பேய்க்கரும்பைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால், தாய் தன்னிடம் இருக்கும் 80-ஐயும் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடும். தந்தை மட்டும் வழக்கம்போலப் பாதி. ஜாவாவில் வேலை பார்த்த பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி 1920-களில் இதைக் கவனித்துச் சொன்னார். ஆக, 80-ஓடு 64-இல் பாதியான 32-ஐக் கூட்டுங்கள். 112.

சரி, எண்ணிக்கை கிடைச்சாச்சு. ஆனால் 80 என்பது எத்தனை செட்? எட்டு எட்டாக அடுக்கின பத்து செட்டா? பத்துப் பத்தாக அடுக்கின எட்டு செட்டா? ரெண்டும் 80-தானே!

நமக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி என்று தோணலாம். ஆனால் கலப்பு செய்கிறவருக்கு இது அடிப்படைக் கேள்வி. காட்டுச் செடியின் குரோமோசோமும் வீட்டுச் செடியின் குரோமோசோமும் ஒன்றுக்கொன்று ஜோடி சேருமா, துண்டுகளை மாற்றிக்கொள்ளுமா, நல்ல குணம் மட்டும் தனியாக வருமா, எல்லாமே இதைப் பொறுத்தது. அடுக்கு எப்படி என்று தெரியாமல் கலப்பது, எத்தனை சீட்டுக்கட்டு கலந்திருக்கிறது என்று தெரியாமல் ரம்மி ஆடுவது மாதிரி.

அந்தக் காலத்தில் இதை எண்ணினவர்களில் ஒருவரை அவசியம் சொல்லணும். இ.கே. ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897-இல் பிறந்தவர். மெட்ராஸில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் வேலை செய்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தவர். பிறகு இங்கிலாந்து போய், சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெரிய புத்தகத்தை 1945-இல் கொண்டுவந்தார். டி.என்.ஏ-வின் வடிவமே உலகத்துக்கு 1953-இல்தான் தெரியும். அதற்கு முன்னாடியே இவர்கள் கண்ணை நம்பி, கையை நம்பி எண்ணியிருக்கிறார்கள்.

அவர்களால் எண்ண முடிந்தது. ஆனால் கரும்பின் குரோமோசோம்கள் ரொம்பப் பொடிசு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. எது எதனுடைய பிரதி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு அடையாளப் பொட்டு தேவைப்பட்டது.

ஜோக்கரை எண்ணினால் போதும்

ஒரு சின்ன விளையாட்டு. உங்கள் முன்னால் 80 சீட்டு கொட்டிக் கிடக்கு. வழக்கமான கட்டு கிடையாது. எல்லாக் கட்டும் ஒரே அளவு, ஆனால் ஒரு கட்டுக்கு எத்தனை சீட்டு என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாம் கவிழ்த்துப் போட்டிருப்பதால் எந்தச் சீட்டு எது என்றும் தெரியாது. ஒரே ஒரு தகவல் மட்டும் உண்டு: ஒவ்வொரு கட்டிலும் ஒரே ஒரு ஜோக்கர். அதன் முதுகில் மட்டும் பளிச்சென்று ஒரு பொட்டு.

என்ன செய்வீங்க? பொட்டை எண்ணுவீங்க. எட்டுப் பொட்டு இருந்தால் எட்டுக் கட்டு. 80-ஐ எட்டால் வகுத்தால், கட்டுக்குப் பத்துச் சீட்டு. முடிஞ்சுது.

கரும்பில் அந்த ஜோக்கர் வேலையைச் செய்தது ரைபோசோம் மரபணு.

ஏன் ரைபோசோம் மரபணு?

செல் உயிரோடு இருக்க புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைச் சமைக்கிற அண்டாதான் ரைபோசோம். ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடை ஒரே ஒரு சின்ன அண்டாவை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்குமா? முடியாது. செல்லுக்கும் அப்படித்தான். லட்சக்கணக்கில் ரைபோசோம் வேண்டும். அவ்வளவு அண்டா வார்க்க, வார்ப்பு அச்சும் நிறைய வேண்டும். அந்த அச்சுதான் ரைபோசோம் மரபணு. பெரும்பாலான மரபணுக்கள் ஒரு செட்டுக்கு ஒன்றோ சிலவோதான் இருக்கும். இவை மட்டும் செடிகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அதைவிட முக்கியம், இவை சிதறிக் கிடப்பதில்லை. வேலூரில் மண்டித் தெரு போனால் வரிசையாக மண்டிக் கடைகள்தானே. அதே மாதிரி ஒரு குரோமோசோமின் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும்.

இதனால் என்ன லாபம்? ராத்திரி ஒரு மலை உச்சியில் ஏறி ஊரைப் பாருங்கள். ஒரு வீட்டின் ஒற்றை பல்பு எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு கடைத்தெரு முழுக்க விளக்கு எரிந்தால் அந்தத் தெரு அப்படியே பளிச்சென்று தெரியும். மைக்ரோஸ்கோப்பில் ஒற்றை மரபணுவைக் காட்டுவது அந்த ஒற்றை பல்பைத் தேடுகிற வேலை. ரைபோசோம் மரபணுத் தெருவைக் காட்டுவது சுலபம்.

இதில் ரெண்டு தெரு உண்டு. 45எஸ் என்று ஒன்று, 5எஸ் என்று இன்னொன்று. ரெண்டும் ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ-வைத்தான் தருகின்றன, ஆனால் கரும்பில் இருப்பது வேறு வேறு இடத்தில். அதனால் நமக்கு ஒரு சாட்சி இல்லை, ரெண்டு சாட்சி.

இன்னொரு வசதி, இந்த மரபணுக்கள் கோடிக்கணக்கான வருஷங்களாகப் பெரிதாக மாறவில்லை. கோதுமையிலிருந்து எடுத்த துண்டை வைத்தே மற்ற பல செடிகளிலும் இந்த இடத்தைத் தேடலாம். பக்கத்து ஊர்ச் சாவி நம்ம ஊர்ப் பூட்டையும் திறக்கிற மாதிரி.

வேர் நுனியிலிருந்து வெளிச்சம் வரை

இந்தத் தேடல் முறைக்குப் பெயர் ஃபிஷ். மீன் இல்லை! 'ஒளிரும் குறியை வைத்து, இருந்த இடத்திலேயே ஜோடி சேர்த்துப் பார்ப்பது' என்று அர்த்தம் வருகிற நீளமான பெயரின் சுருக்கம். எப்படிச் செய்வார்கள்?

முதலில் வேர் நுனி. ஏன் வேர்? அங்கேதான் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். செல் பிரிகிற நேரத்தில்தான் குரோமோசோம் சுருண்டு, தடித்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கும். மற்ற நேரத்தில் அவிழ்ந்த நூல்கண்டு மாதிரி கிடக்கும்.

ரெண்டாவது, பிரிந்துகொண்டிருக்கும் செல்லை நடுவழியில் நிறுத்தணும். அதற்குப் பயன்படும் மருந்துகளில் புகழ்பெற்றது கோல்சிசின். குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கிற நூல்கள் உருவாகாமல் அது தடுத்துவிடும். குரோமோசோம்கள் பரிதாபமாக அப்படியே நிற்கும், நாம் எண்ணிக்கொள்ளலாம். இந்தக் கோல்சிசினுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதன் விதையில் கோல்சிசின் இருக்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் அதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். விஷச் செடி, தொட்டு விளையாடாதீங்க.

மூன்றாவது, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் வேரைப் போட்டு, செல்லை அந்த நிலையிலேயே உறைய வைப்பார்கள். செடியின் செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால், அதைக் கரைக்கிற நொதிகளில் ஊற வைப்பார்கள். பிறகு கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, கட்டை விரலால் ஒரு அழுத்து.

அந்த அழுத்தில்தான் வாழ்வும் சாவும். நான் காலேஜில் வெங்காய வேரை வைத்து இதைச் செய்தேன். மெதுவாக அழுத்தினால் குரோமோசோம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். வேகமாக அழுத்தினால் மேல் கண்ணாடி 'டிக்' என்று உடையும். எனக்கு நாலு உடைந்தது. ஐந்தாவதில்தான் பதினாறையும் எண்ணினேன். வெங்காயத்துக்கே அந்தக் கதி. 112 பொடிக் குரோமோசோமை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான்காவதுதான் முக்கியமான கட்டம். டி.என்.ஏ ரெட்டை இழை. ஜிப் மாதிரி. சூடாக்கினால் ஜிப் திறக்கும். கண்ணாடித் தகட்டில் இருக்கும் குரோமோசோமின் ஜிப்பைத் திறந்து, ஒளிரும் சாயம் ஒட்டிய ரைபோசோம் மரபணுத் துண்டுகளை அதன்மேல் ஊற்றி, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் விட்டுவிடுவார்கள். அந்தத் துண்டு தன் ஜோடியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் காலையில் கழுவிவிட்டு, ஒளிரும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நீல நிறக் குரோமோசோம்களுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். கார்த்திகை ராத்திரியில் அகல் விளக்கு வைத்த மாதிரி.

இந்த முறைக்கும் ரைபோசோம் மரபணுவுக்கும் பூர்வ ஜென்மத் தொடர்பு உண்டு. 1934-இலேயே பார்பரா மெக்ளின்டாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மக்காச்சோளத்தின் ஆறாவது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடம்தான் நியூக்ளியோலஸை உருவாக்குகிறது என்று காட்டிவிட்டார். ரைபோசோம் தயாராகிற பட்டறைதான் நியூக்ளியோலஸ். அந்த இடத்தில்தான் 45எஸ் மரபணுக்கள் இருக்கின்றன என்பது பின்னால் தெரியவந்தது. அப்புறம் 1969-இல் ஜோசப் காலும் மேரி லூ பார்டுவும் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைச் செல்லில் முதல் முறையாக ஒரு மரபணுவை இருந்த இடத்திலேயே காட்டினார்கள். அதுவும் ரைபோசோம் மரபணுதான். அப்போது ஒளிரும் சாயம் இல்லை, கதிரியக்கத்தை வைத்துப் பார்த்தார்கள்.

எட்டு, எட்டு

1998. பிரான்சின் மோன்பெலியே நகரில் சிராட் என்ற ஆய்வு நிறுவனம். ஆஞ்செலிக் டோன்ட் என்பவரின் குழு கரும்பினங்களின் குரோமோசோமில் 45எஸ், 5எஸ் ரெண்டையும் தேடினார்கள்.

80 குரோமோசோம் உள்ள தித்திப்புக் கரும்பில் 45எஸ் எட்டு இடத்தில் மின்னியது. 5எஸ்-உம் எட்டு இடத்தில். அப்படியானால் எட்டுக் கட்டு, கட்டுக்குப் பத்து.

64 குரோமோசோம் உள்ள பேய்க்கரும்பைப் பார்த்தார்கள். அதிலும் எட்டு! எட்டுக் கட்டு, ஆனால் கட்டுக்கு எட்டே எட்டு.

இதுதான் விடை. ரெண்டு செடியிலும் கட்டுகளின் எண்ணிக்கை ஒன்றே, கட்டின் அளவுதான் வேறு. அப்போ நம்ம கோ 205 மாதிரிக் கலப்பில் என்ன நடந்திருக்கும்? தாய் கொடுத்தது பத்துப் பத்தாக எட்டுக் கட்டு. தந்தை கொடுத்தது எட்டு எட்டாக நாலு கட்டு. ஒரே செல்லுக்குள் ரெண்டு விதமான அடுக்கு! மெட்ரிக் ஸ்பேனரும் இஞ்ச் ஸ்பேனரும் ஒரே பெட்டியில் கிடக்கிற மாதிரி.

பத்து எப்படி எட்டாச்சு? 2018-இல் ஒரு பேய்க்கரும்பின் முழு டி.என்.ஏ-வையும் படித்தபோது அதுவும் தெரிந்தது. பழைய பத்தில் ரெண்டு குரோமோசோம் உடைந்து, அந்தத் துண்டுகள் வேறு நாலு குரோமோசோம்களோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரக்கு தொலையலை, மூட்டைதான் குறைஞ்சிருக்கு. 2022-இல் இன்னொரு திருப்பம்: நேபாளத்துப் பேய்க்கரும்பு ஒன்றில் கட்டுக்குப் பத்தாகவே இருந்தது. உடைவதற்கு முந்தைய பழைய அடுக்கு காட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனவே "பேய்க்கரும்பு என்றாலே எட்டு" என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்.

புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

கூடாது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

ரைபோசோம் மரபணுத் தெரு ஒவ்வொரு கட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. சில செடிகளில் ஒரு கட்டில் ரெண்டு, மூன்று தெரு இருக்கும். சிலவற்றில் கலப்புக்குப் பிறகு ஒரு பக்கத்துத் தெரு சுருங்கி, மங்கிப்போகும். ரொட்டிக் கோதுமையில் மூன்று மூதாதையரின் குரோமோசோம்கள் இருக்கு. ஆனால் பெரிய, பிரகாசமான 45எஸ் இடங்கள் முக்கியமாக ஒரு மூதாதையர் வழி வந்த குரோமோசோம்களில்தான். அங்கே போய்ப் புள்ளியை எண்ணி வகுத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

கரும்பில் அந்தக் கணக்கு நம்பகமாக இருந்ததற்குக் காரணம் அந்த ரெண்டு சாட்சி. தனித்தனி இடத்தில் இருக்கும் 45எஸ்-உம் 5எஸ்-உம் ஒரே எண்ணைச் சொல்லின. பின்னால் முழு டி.என்.ஏ-வைப் படித்தபோதும் அது பொருந்தியது.

இதில் காட்பாடி விவசாயிக்கு என்ன?

இப்போ அம்முண்டி டிராக்டருக்கு வருவோம்.

கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை நட்டு வளர்க்கிறோம். அதாவது ஒரு வயலில் இருக்கும் அத்தனை கரும்பும் ஒரே செடியின் நகல். ஒரு நோய் அந்தச் செடியின் பூட்டைத் திறந்துவிட்டால், வயல் முழுக்கத் திறந்த வீடுதான்.

இது கற்பனை பயம் இல்லை. கோசி 671 என்று ஒரு ரகம், கடலூரில் உருவானது. சர்க்கரைச் சத்தில் ராஜா. அதைச் செவ்வழுகல் நோய் வீழ்த்தியது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளிச்ச வாடை வரும். அப்படி வந்தால் அந்தக் கரும்பு ஆலைக்கும் ஆகாது, அடுத்த நடவுக்கு விதைக் கரணையாகவும் ஆகாது. போட்ட பணம் வயலிலேயே போச்சு. பிறகு தமிழ்நாட்டில் பரவலாக வந்தது கோ 86032. அதன் ஒரு பெற்றோர் அதே கோசி 671. இன்னும் அண்மையில் உத்தரப்பிரதேசத்தில் வயல் வயலாக நிறைந்திருந்த கோ 0238 ரகமும் அதே செவ்வழுகலிடம் மாட்டியது.

ஒரு ரகம் விழுந்தால் அடுத்த ரகத்துக்கு எதிர்ப்பு சக்தி எங்கிருந்து வரும்? பெரும்பாலும் காட்டிலிருந்து. ஆனால் காட்டுச் செடியைக் கொண்டுவந்தால் அதன் நாரும், குறைந்த இனிப்பும் சேர்ந்தே வரும். அதனால் கலந்த பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தித்திப்புக் கரும்போடு கலந்து, காட்டின் பங்கைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். எவ்வளவு குறைந்தது, எது மிஞ்சியது என்று எப்படித் தெரியும்?

அதற்கும் இதே ஒளிரும் முறையின் இன்னொரு வடிவம் கைகொடுத்தது. இந்த முறை ஒரு தெருவை மட்டும் இல்லை, காட்டுச் செடியின் குரோமோசோம் முழுவதையும் ஒரு நிறத்திலும், வீட்டுச் செடியுடையதை வேறு நிறத்திலும் ஒளிர வைத்தார்கள். ரீயூனியன் தீவின் ஆர் 570 என்ற ரகத்தில் 1996-இல் இதே மோன்பெலியே குழு பார்த்தபோது, சுமார் 10 சதவீதக் குரோமோசோம்கள் முழுக்கப் பேய்க்கரும்பிலிருந்து வந்தவை. இன்னொரு சுமார் 10 சதவீதம் ரெண்டும் துண்டு துண்டாகக் கலந்தவை. மீதி எல்லாம் தித்திப்புக் கரும்பு.

அந்தக் கலந்த 10 சதவீதத்தைக் கவனியுங்கள். வேறு வேறு அடுக்காக இருந்தும் காடும் வீடும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன. அதாவது காட்டின் நல்ல துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழி இருக்கு. 2024-இல் இதே ஆர் 570-இன் முழு டி.என்.ஏ-வையும் படித்து, பழுப்புத் துரு நோயை எதிர்க்கிற இடத்தில் இருக்கும் மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். எங்கே தேடுவது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்!

ஒரு விஞ்ஞானி மைக்ரோஸ்கோப்பில் எட்டுப் புள்ளி பார்த்ததால் நாளைக்கே டன்னுக்கு விலை ஏறிவிடாது. ஆலை பாக்கித் தொகை சீக்கிரம் கைக்கு வந்துவிடாது. அது வேற சண்டை. ஆனால் அடுத்த நோய் வரும்போது கையில் என்ன ரகம் இருக்கும் என்பது இந்த மாதிரி எண்ணிப் பார்த்தவர்களின் பொறுமையில்தான் இருக்கு. பாலாற்று மாதிரி ஆற்றங்கரைகளில் நாம் களை என்று நினைத்துத் தாண்டிப்போகிற பேய்க்கரும்பும் அந்தக் கணக்கில் ஒரு கட்டு. அதை மணலோடு சேர்த்து வாரிவிட்டால், எத்தனை ஜோக்கரை இழந்தோம் என்று எண்ணக்கூட முடியாது.

ஜானகி அம்மாள் கடைசி வரை வேலையை விடவில்லை. வயதான பிறகும் சென்னையை ஒட்டிய மதுரவாயலில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களத்தில் செடிகளோடுதான் இருந்தார். 1984 பிப்ரவரியில் இறந்தார். அந்த எட்டுப் புள்ளிகளை அவர் பார்க்கவில்லை. ஆனால் 80 என்றும் 64 என்றும் அந்தத் தலைமுறை எண்ணி வைத்திருந்ததால்தான், பின்னால் வந்தவர்களால் எட்டால் வகுக்க முடிந்தது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு சின்ன வெங்காயத்தை டம்ளர் தண்ணீர் மேல், அடிப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வைங்க. மூன்று நாலு நாளில் வெள்ளை வேர் வரும். அந்த நுனியில் ஒரு மில்லிமீட்டருக்குள்ளே, இந்த நிமிஷம் பதினாறு குரோமோசோம் வரிசை கட்டி நிற்குது. பக்கத்தில் மைக்ரோஸ்கோப் உள்ள தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால் கூட்டிட்டுப் போங்க. மேல் கண்ணாடி உடைஞ்சா கவலைப்படாதீங்க, நாலு வரைக்கும் மன்னிப்பு உண்டு.

அடுத்த தடவை காட்பாடியில் கரும்பு ஜூஸ் குடிக்கும்போது, அதில் கொஞ்சம் பேய்க்கரும்பும் இருக்கு என்று நினைச்சுக்கோங்க. இனிப்பு ஒரு பக்கம், அதைத் தாங்கி நிறுத்துகிற காடு இன்னொரு பக்கம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.